விளாச்சேரி வெள்ளைக் கரடி

நம் பள்ளி ஓவிய ஆசிரியர் ஐப்பசிக் கடைசியில் காலமானார் என்ற செய்தி வந்தபோது, வான்கூவரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காகிதக்கூழால் செய்த ஏழு கரடிகள் காய்ந்துகொண்டிருந்தன. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதற்காக ஆண்டுதோறும் அக்கம்பக்கத்தாருக்கும் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் நான் செய்து கொடுப்பவை அவை. களிமண்ணில் செய்தால் கிளை தாங்காது.

அவை கெர்மோடி கரடிகள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக் கடற்கரைக் காடுகளில், குறிப்பாக கிரிபெல், பிரின்சஸ் ராயல் தீவுகளில் வாழும் கருங்கரடி இனத்தில் சில மட்டும் வெள்ளையாகப் பிறக்கின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதற்கான மரபணு வந்து சேர வேண்டும் என்பதால், கருப்புப் பெற்றோருக்கும் வெள்ளைக் குட்டி பிறப்பதுண்டு. இது பனிக்கரடியும் அன்று, நிறமியற்ற பிறவியும் அன்று. கண்ணும் மூக்கும் கருமையாகவே இருக்கும். 2006-இல் மாகாணம் இதைத் தன் அடையாள விலங்காக அறிவித்தது. வெள்ளை என்று தனியாக ஒரு வெள்ளை கிடையாது, பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக் கலக்க வேண்டும் என்று சார் சொல்வது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தக் கரடியின் ரோமத்துக்கு நான் இன்றும் வெள்ளையில் ஒரு துளி மஞ்சள் காவி சேர்க்கிறேன்.

1979-இல், ஒன்பதாம் வகுப்பில், கண்காட்சிக்கு ஆளுக்கொரு விலங்கு கொண்டுவரச் சொன்னார். என் அப்பத்தா மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் பொம்மை செய்பவர். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை என்று அந்த வீட்டில் மண் காயாத நாளே இராது. நான் கேட்டதும் ஒரு கரடியைப் பிடித்துச் சுட்டு, வெள்ளைப் பூச்சு கொடுத்து வைத்திருந்தார். கருப்பு அடிப்பதற்குள் எனக்குப் பேருந்து வந்துவிட்டது.

யார் செய்தது என்று சார் கேட்டார். முதல் பெஞ்சில் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்க, கடையில் வாங்கியது என்றேன்.

"கடையில வாங்கினதுன்னா வண்ணம் பூசியிருக்குமேப்பா."

வகுப்பு முழுவதும் சிரித்தது. மணி அடித்து எல்லோரும் போன பிறகு, அந்தக் கரடியை என் கையில் கொடுத்து, "வருஷா வருஷம் உங்க அப்பத்தாகிட்டதான் நான் கொலுவுக்கு வாங்குறேன்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் என்னை நிறுத்தி வைத்துத் தம் தூரிகையைக் கொடுத்தார்.

கெர்மோடி கரடி வாழும் கரையோரப் பூர்வகுடிப் பெரியவர்கள், ரோம வணிகர்கள் காதில் விழுந்தால் அழிந்துவிடும் என்று அஞ்சி, வெள்ளைக் கரடியைப் பற்றி வெளியாரிடம் பேசக் கூடாதெனத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். இதை அறிந்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. அவர்கள் காப்பாற்றுவதற்காக வாய் மூடியிருந்தார்கள். நான் வெட்கத்தால் அப்பத்தாவை மறைத்தேன்.

அப்பத்தா இறந்தபோது நான் ஊரில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் சாருக்கு இந்தக் கரடியின் படத்தை அனுப்பியிருந்தேன். பூச்சு சரியாக இருக்கிறது, ஒன்று கொண்டு வா என்று பதில் எழுதினார். அஞ்சலில் அனுப்பினால் நொறுங்கிவிடும், நேரில் போகும்போது கொடுக்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டேன்.

இந்த ஏழில் ஒன்றுக்கு நூல் கோக்கவில்லை. கொலுப்படியில் நிற்கும்படி அதன் அடியைத் தட்டையாக்கியிருக்கிறேன். தை மாதம் மதுரைக்குப் போகிறேன். சார் வீட்டு அம்மாவிடம் அதைக் கொடுத்து, விளாச்சேரி அப்பத்தாவின் பேரன் செய்தது என்று சொல்ல வேண்டும்.