ஒளி பற்றிய தாளுக்குப் படிக்கிறவர்களுக்கு: எனக்குக் கைகொடுத்தவை

கலை, கட்டடம், நாடகம் மூன்றிலும் ஒளி எப்படி வேலை செய்கிறது என்ற தாளைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நாலு ஓவியம், ரெண்டு கட்டடம், கொஞ்சம் மேடை, பார்த்ததை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்ற நினைப்பு. எழுத்துத் தேர்வு, செய்முறை, நேர்முகம் மூன்றையும் முடித்த கையோடு இதை எழுதுகிறேன். ஒப்பேற்ற முடியாது.

முதல் விஷயம், வர்ணனை. ‘மர்மமான ஒளி’, ‘தெய்வீகச் சூழல்’ என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினாலும் மதிப்பெண் வராது. ஒளி எங்கிருந்து வருகிறது, எந்தக் கோணத்தில் வருகிறது, எதன்மேல் விழுகிறது, நிழலின் ஓரம் கூர்மையா மங்கலா என்பதை முதலில் எழுதுங்கள். உணர்வு அதற்கு அப்புறம். பிரான்ஸின் ரோன்ஷாம் தேவாலயத்தை (1955) எடுத்துக்கொள்வோம். அந்தக் கனமான கூரை மிதப்பது போலத் தெரிகிறது என்று எல்லாருமே எழுதுவார்கள். ஏன் என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது. அதைக் கட்டிய கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே அந்தக் கூரையைச் சுவர்மேல் உட்காரவைக்கவில்லை. சுவருக்குள் மறைந்திருக்கும் தூண்கள் அதைத் தாங்குகின்றன. சுவருக்கும் கூரைக்கும் நடுவே சுமார் 10 செ.மீ. இடைவெளி விட்டிருக்கிறார். அந்தக் கோடு வழியாக வெளிச்சம் வருவதால் கண் ‘இங்கே எதுவும் தாங்கவில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறது. இப்படி நாலு வரி எழுதினால் போதும்.

இந்தப் பார்வை படித்து வருவதில்லை, கையால் செய்து பார்க்க வேண்டும். அறையை நன்றாக இருட்டாக்கி, ஒரு வெள்ளைத் தாளைக் கசக்கி மேசையில் வைத்து, ஒரே ஒரு விளக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேர் முன்னால் பிடித்தால் மடிப்புகளெல்லாம் மறைந்து தாள் தட்டையாகிவிடும். பக்கவாட்டுக்கு நகர்த்தினால் ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நிற்கும். பின்னால் கொண்டுபோனால் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு மின்னும். பிறகு தாளை விட்டுவிட்டு நிழலை மட்டும் வரையுங்கள். ஒரு டிரேசிங் தாளை விளக்கின் வாயை ஒட்டிப் பிடித்தால் நிழல் பெரிதாக மாறாது. அதையே ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், டிரேசிங் தாள் முழுதும் ஒளிர்ந்து நிழலின் ஓரம் கரைந்துபோகும். நிழலை மிருதுவாக்குவது ஒளி வரும் பரப்பின் அளவு, வெளிச்சத்தின் குறைவு அல்ல. இதைக் கண்ணால் பார்த்தவருக்கு நேர்முகத்தில் தடுமாற்றம் வராது. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும் என்ற விதியையும் இதே மேசையில் சரிபார்த்துவிடலாம்.

வரலாற்றுப் பகுதிக்கு ஆண்டுகளை உருப்போடுவதைவிட, எந்த விளக்கு வந்ததால் எது மாறியது என்று கோத்துப் படிப்பது நல்லது. மெழுகுவர்த்தி, எண்ணெய், எரிவாயு, சுண்ணாம்புக் கட்டியைத் தீயில் ஒளிரவைத்த லைம்லைட் என்று வந்து, 1881-இல் லண்டன் சவாய் அரங்கில் மின்விளக்குகள் ஏறின. வெளிச்சம் கூடியதும் மேடையின் பின்னால் தொங்கிய சீலையில் தீட்டியிருந்த பொய் நிழல்கள் பல்லிளித்தன. நடிகர்மேல் ஒரு திசையில் நிழல் விழ, பின்னால் வரைந்த மரத்துக்கு வேறு திசையில் நிழல். மேடை வடிவமைப்பாளர் அடால்ஃப் ஆப்பியா, தீட்டிய சீலைகளே வேண்டாம், படிகளும் மேடைகளும் போதும், மீதியை ஒளி வரையட்டும் என்று சொன்னதற்கு இதுதான் பின்னணி. அவர் எழுத்திலும் வரைபடத்திலும் யோசித்ததை நடனக் கலைஞர் லோயி ஃபுல்லர் பட்டுத் துணியையும் வண்ண ஒளியையும் வைத்துத் தன் உடம்பிலேயே செய்து காட்டினார். இருவரும் 1862-இல் பிறந்து 1928-இல் இறந்தவர்கள். ஒன்றை நினைவில் வைத்தால் இன்னொன்று இலவசம்!

மேடை ஒளியமைப்புக்கு மக்கேண்ட்லெஸ் 1932-இல் எழுதிவைத்த முறை பற்றிய கேள்விக்குத் தயாராகவே இருங்கள். நடிகருக்கு இருபுறமும் 45 பாகையில் இரண்டு விளக்கு, ஒன்று இளஞ்சூடான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். படம் வரைந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். குளிர்ந்த பக்கம் நிழலின் வேலையைச் செய்கிறது, ஆனாலும் முகம் தெரிகிறது என்பதுதான் அதன் சூட்சுமம். நடனத்துக்கு இது போதாது, அங்கே உடலின் வடிவத்தைச் செதுக்கப் பக்கவாட்டு ஒளி வேண்டும் என்று ஒளி வடிவமைப்பாளர் ஜீன் ரோசென்தாலின் வழியைக் காட்டி முடித்தால் விடை நிறைவாக இருக்கும். நம் நாட்டு மேடை ஒளிக் கலைஞர் தபஸ் சென் என்பவரையும் விட்டுவிடாதீர்கள். ‘அங்கார்’ (1959) நாடகத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும் காட்சியை அவர் ஒளியாலேயே உருவாக்கியதைச் சொன்னால், விலையுயர்ந்த கருவி இல்லாமல் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

ஓர் இடத்தையே படைப்பாக மாற்றும் நிறுவல் கலையில் ஒன்றை ஆழமாகப் படித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். நான் எடுத்துக்கொண்டது 2003-இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் ஓலஃபர் எலியாசன் என்ற கலைஞர் வைத்த செயற்கைச் சூரியன். அங்கே இருந்தது அரைவட்டம்தான், கூரையில் இருந்த கண்ணாடி மறுபாதியை நிரப்பியது. விளக்குகள் ஒரே அலைநீளத்து மஞ்சளை மட்டும் உமிழ்ந்ததால், எந்த நிறத்துச் சட்டை போட்டு வந்தாலும் மஞ்சளும் கறுப்பும் கலந்த சாயல்தான் தெரியும். ஒரு விளக்கு பொருள்களின் நிறத்தை வெளிக்காட்டும் திறன் பற்றிய கேள்விக்கும் இந்த எடுத்துக்காட்டே உதவும்.

செய்முறையில் ஒளி வரைபடத்தைவிட, ஒளி எப்போது எப்படி மாற வேண்டும் என்று குறிக்கும் க்யூ ஷீட்டில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ‘ஒளி மங்குகிறது’ என்று எழுதினால் அது க்யூ ஆகாது. எத்தனை விநாடியில், எந்த வசனம் முடிந்ததும், எந்த அளவுவரை என்பதெல்லாம் வேண்டும். எல்இடி விளக்காக இருந்தால் மிக மெதுவான மங்கலை முதலிலேயே ஓட்டிப் பாருங்கள். மேடை விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் 512 முறையில் ஒரு சேனலுக்கு 0 முதல் 255 வரைதான் படிகள். இருளை நெருங்கும்போது அந்தப் படிகள் குதிப்பாகக் கண்ணில் படும். இன்னும் நுண்ணிய படிகள் தரும் 16 பிட் முறையை விளக்கு ஏற்குமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் வேகமாக முடித்துவிடுங்கள்.

செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவுக்குப் படம் எடுக்கும்போது போனைத் தானாக முடிவெடுக்க விடாதீர்கள். இருட்டைக் கண்டதும் அது வெளிச்சத்தை ஏற்றிவிடும், இளஞ்சூடான நிறத்தையும் வெள்ளையாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வொயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) பூட்டிவிட்டு எடுங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் விளக்கு எங்கே இருந்தது என்று ஒரு சின்னக் கட்டம் வரைந்து ஒட்டுங்கள், தேர்வாளர் முதலில் அதைத்தான் தேடுவார்.