கருவியின் பெயரை அடித்துவிட்டு இலக்கை வாசியுங்கள்: தொழில்நுட்ப ஒருங்கிணைப்புத் தாள் அனுபவம்

ஆசிரியர் கல்வித் தேர்வின் முடிவு வந்துவிட்டது. வகுப்பறைக் கற்பித்தலில் தொழில்நுட்பத்தை ஒருங்கிணைக்கும் தாளிலும் அதனோடு இணைந்த வாய்மொழித் தேர்விலும் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கிறது. அந்த நிம்மதி குறையாமல் இருக்கும்போதே, அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு உதவக்கூடியவற்றைப் பதிவுசெய்கிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்பதால், மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் ‘ஆசிரியரின் இலக்குகள்’ பகுதிக்கே நேராக வருகிறேன்.

தொழில்நுட்பத்தைக் கொண்டு வகுப்பில் எதை அடைய விரும்புகிறீர்கள் என்ற வினாவுக்கு, புழக்கத்தில் உள்ள மாதிரி விடைகளில் பெரும்பாலானவை கருவிகளின் பட்டியலாகவே அமைந்திருக்கின்றன. “திறன்பலகை பயன்படுத்தப்படும்”, “காணொளி காட்டப்படும்”, “இணையவழி வினாடிவினா நடத்தப்படும்” என்று வாக்கியங்கள் அடுக்கப்படுகின்றன. செயப்பாட்டு வினையில் எழுதப்படும் இவ்வாக்கியங்களில் யார் கற்கிறார், எதைக் கற்கிறார் என்ற இரண்டுமே மறைந்துவிடுகின்றன. படிப்பவர்களை இவை தவறான திசையில் அனுப்புவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

எனக்குக் கைகொடுத்த வழி ஒன்றே ஒன்றுதான். எழுதிய இலக்கிலிருந்து கருவியின் பெயரை அடித்துவிட்டு மீதியை வாசியுங்கள். மீதி ஒரு கற்றல் நோக்கமாகத் தனித்து நின்றால் இலக்கு சரி. ஒன்றும் மிஞ்சாவிட்டால் அங்கே இலக்கே இருந்திருக்கவில்லை. எழுவாய் மாணவராகவும், பயனிலை நாம் கண்டு மதிப்பிடக்கூடிய செயலாகவும் இருக்க வேண்டும். ‘அறிவார்’, ‘உணர்வார்’ என்பவற்றைவிட ‘ஊகித்து எழுதுவார்’, ‘ஒப்பிட்டுக் காரணம் கூறுவார்’ என்பவை வலுவானவை.

கணிதத்தில், ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டு: “இருபடி உறுப்பின் கெழு மாறும்போது பரவளையம் எவ்வாறு மாறும் என்பதை மாணவர் முன்கூட்டியே ஊகித்து எழுதி, ஜியோஜீப்ராவில் வரைந்து சரிபார்த்து, தமது ஊகம் தவறிய இடத்துக்குக் காரணம் கூறுவார்.” ஜியோஜீப்ரா என்ற சொல்லை நீக்கினாலும் இது முழுமையான கற்றல் நோக்கமாகவே நிற்கிறது.

இத்துடன் விடை பாதிதான் முடிகிறது. அடித்த பெயரைத் திரும்ப எழுதி, அது இல்லாமல் ஏன் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வரைபடத்தாளில் ஒரு பாடவேளையில் சில பரவளையங்களையே வரைய முடியும். ஜியோஜீப்ராவில் கெழுவின் மதிப்பை மாற்றும் ஸ்லைடரை நகர்த்தும் மாணவர் கெழு நேர்மமாக இருந்து சுழியத்தைக் கடந்து எதிர்மமாவதைத் தொடர்ச்சியாகக் காண்கிறார், சுழியத்தில் வளைவு நேர்கோடாகிவிடுவதையும் கவனிக்கிறார். அந்த ஒரு கணத்தை வரைபடத்தாளில் மாணவர் தற்செயலாகச் சந்திப்பது அரிது. இப்படிப் பாடப்பொருளுக்குள் இறங்கிச் சொல்லும் காரணமே தேர்வாளரை நிறுத்தி வாசிக்க வைக்கிறது. “ஆர்வத்தைத் தூண்டும்” என்ற பொதுக்காரணத்தை எந்தக் கருவிக்கும் எழுதலாம் என்பதால் அதற்கு மதிப்பில்லை.

அறிவியலுக்கு நான் எடுத்துக்கொண்டது மின்சுற்று. மின்விளக்கு மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் விளக்கைக் கடந்தபின் மின்னோட்டம் குறைந்துவிடும் என்று மாணவர்கள் நம்புவது பரவலான தவறான கருத்து. இயற்பியலுக்கான நோபெல் பரிசை 2001-இல் பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வைமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற கற்றல் மென்பொருள் திட்டத்தின் மின்சுற்றுப் பாவனையில் (கணினியில் இயங்கும் மாதிரிச் சுற்றில்), கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதை விளக்கின் இருபுறமும் காணலாம். ஆனால் இலக்கு “பாவனையைப் பார்ப்பார்” என்பதன்று. “விளக்குக்கு முன்னும் பின்னும் அம்மீட்டர் அளவீடு சமம் என்பதை மாணவர் அளந்து நிறுவுவார்” என்பதே. இதை உண்மையான மின்சுற்றிலும் செய்யலாம், செய்யவும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைப்பதும், தவறாக இணைத்தாலும் ஆபத்தில்லாமல் மீண்டும் முயல விடுவதும் பாவனையின் பங்கு.

கருவி ஏன் வேண்டும் என்பதற்கு நான் நம்பிய காரணங்கள்:

- காண முடியாததைக் காட்டுகிறது.
- பல நேர்வுகளைக் குறைந்த நேரத்தில் ஆராய விடுகிறது.
- பின்னூட்டம் உடனே கிடைக்கிறது.
- மாணவரின் திருத்தங்களைச் சான்றாகச் சேமிக்கிறது.
- வேறு வழியில் பங்கேற்க முடியாத மாணவருக்கு வழி திறக்கிறது.

நான்காவதை எளிதாகக் கடந்துவிடாதீர்கள். மொழிப்பாடத்தில் பகிர்ந்து எழுதும் ஆவணத்தின் திருத்த வரலாறு, கட்டுரை எப்படி மாறியது என்பதை ஆசிரியருக்குக் காட்டுகிறது. இறுதிப் படியை மட்டும் மதிப்பிடும்போது இது கிடைப்பதில்லை.

கோட்பாடுகளைச் சுருக்கமாகவே எழுதினேன். கல்வியியலாளர் ஷுல்மன் 1986-இல் முன்வைத்த பாடப்பொருள்சார் கற்பித்தல் அறிவையும் (குறிப்பிட்ட பாடப்பொருளை மாணவருக்குப் புரியும்படி கற்பிக்கும் அறிவு), அதனுடன் தொழில்நுட்ப அறிவை இணைத்து மிஷ்ராவும் கோலரும் 2006-இல் விரித்த டிபேக் (TPACK) சட்டகத்தையும் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு, அச்சட்டகத்தில் பாடப்பொருள், கற்பித்தல், தொழில்நுட்பம் ஆகிய மூன்று வட்டங்களும் வெட்டும் இடத்தில் என் பரவளையத்தை வைத்தேன். ஊடகம் தானாகக் கற்றலை உண்டாக்குவதில்லை, கற்பிக்கும் முறையே உண்டாக்குகிறது என்று 1983-இல் ரிச்சர்ட் கிளார்க் எழுப்பிய வாதத்தையும், அதற்கு ராபர்ட் கோஸ்மா அளித்த மறுப்பையும் அறிந்திருப்பது வாய்மொழித் தேர்வுக்கு மிகவும் நல்லது.

வகுப்பில் தொழில்நுட்பம் பயன்படும் விதத்தை நான்காக வகைப்படுத்தும் புவென்ட்டெதுராவின் எஸ்.ஏ.எம்.ஆர். (SAMR) மாதிரியில் மட்டும் கவனம் தேவை. பதிலீடு, மேம்படுத்தல், மாற்றியமைத்தல், மறுவரையறை என்ற நான்கையும் ஏணிப்படிகளாகக் கருதி, பதிலீடு தாழ்ந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அச்சுப் பக்கத்துக்குப் பதிலாக உரையை ஒலியாக வாசிக்கும் மென்பொருளைத் தருவது வடிவத்தில் வெறும் பதிலீடுதான்; பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கோ அதுவே பாடத்துக்குள் நுழையும் வாசல்.

மாணவருக்கான இலக்குகள் வேறு, ஆசிரியர் தமக்கென வகுக்கும் தொழில்சார் இலக்குகள் வேறு. வினா இரண்டையும் கேட்கிறது. இரண்டாவதற்கு தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தில் ஆசிரியருக்கு வேண்டிய தகுதிகளை வரையறுக்கும் யுனெஸ்கோவின் ஆசிரியர் தகுதிச் சட்டகம் உதவும். 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஆறு கூறுகள் மூன்று நிலைகளில் அமைந்து, 18 தகுதிகள் ஆகின்றன. அவை அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றைத் தேர்ந்து, அது உங்கள் கற்பித்தலில் ஒரு மாற்றமாக முடியும்படி எழுதுங்கள். “புதிய செயலிகளைக் கற்பேன்” என்பது போதாது. “ஒவ்வோர் அலகின் நடுவிலும் குறுவினாக்கள் நடத்தி, எந்தத் தவறான விடையைப் பலர் தேர்ந்தார்கள் என்று பார்த்து, அடுத்த வகுப்பின் தொடக்கத்தை அதற்கேற்ப மாற்றுவேன்” என்பது போதும்.

நான் ஒரே பொருளில் நெடுநேரம் தங்கிப் படிக்கும் இயல்புடையவன் என்பதால், சில கருவிகளை மட்டும் எடுத்து, மாணவர் இருக்கையிலிருந்து அவற்றை இயக்கிப் பார்த்தேன். பரந்து படிப்பவர்களுக்கு இது குறுகலாகத் தோன்றலாம். ஆயினும் தொட்டுப் பார்க்காத கருவியைப் பற்றி விடைத்தாளில் எழுத வேண்டாம் என்றே சொல்வேன், ஏனெனில் வாய்மொழித் தேர்வில் அடுத்த வினா அதிலிருந்தே வரும்.

வாய்மொழித் தேர்வுக்குத் தயாராக வைத்திருக்க வேண்டியவை:

- மாணவர்களின் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, யாருடைய ஒப்புதல் தேவை?
- காணொளிக்கு எழுத்து வசனம் உண்டா?
- கருவி ஒன்றே இருந்தால் குழுவில் யார் இயக்குவார், மற்றவர் என்ன செய்வார்?
- இலக்கு நிறைவேறியதற்குச் சான்று எது?
- இணைப்பு அறுந்தால் பாடம் என்னவாகும்?

கடைசி வினாவுக்கு நான் அளித்த விடை: ஊகித்து எழுதும் பகுதி ஏற்கெனவே தாளில் நடந்திருக்கும், சரிபார்ப்பதற்கு அச்சிட்ட வரைபடங்களைத் தருவேன், இலக்கில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். தேர்வாளர் அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை.