ஏரியா பேரை நம்பி வீடு வாங்காதீர்கள்

ஒருவழியாகச் சாவி கைக்கு வந்துவிட்டது. வங்கிக் கடன், மதிப்பீடு, பத்திரப் பதிவு எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுபோல நடந்து முடிந்தன. எங்களைப் பாடாய்ப்படுத்தியது வேறு ஒரு கேள்வி: ராத்திரி பத்து மணிக்கு நான் தனியாக நடந்து அந்த வீட்டுக்கு வந்து சேர முடியுமா? இதற்கு நேரான பதில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கையிருப்பு குறைவாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான். ‘பேர் கெட்ட’ ஏரியாவில் கொஞ்சம் விசாலமான வீடு, இல்லையென்றால் ‘நல்ல’ ஏரியாவின் கடைக்கோடியில் ஒரு சின்ன வீடு. எங்கள் பட்டியலில் கடைசிவரை நின்றவை இரண்டு வீடுகள், ஒவ்வொரு வகையிலும் ஒன்று. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இரண்டாவதை வாங்கச் சொன்னார்கள். நாங்கள் முதலாவதை வாங்கினோம். இதே அலைச்சலில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தரகர். எந்த வீட்டைக் காட்டினாலும் “ரொம்ப அமைதியான ஏரியாங்க, குடும்பங்கதான் இருக்காங்க” என்பார். எப்போது கூப்பிட்டாலும் காலை பதினொரு மணிக்குத்தான் வரச் சொல்வார். அந்த நேரத்தில் எல்லாத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். “பாதுகாப்பான இடமா?” என்று தரகரிடம் கேட்பதில் பயனே இல்லை. விற்றால்தான் அவருக்குக் கூலி. அதற்குப் பதிலாக, வீடு எத்தனை மாதமாக விற்காமல் கிடக்கிறது, முன்பு வாங்க வந்தவர்கள் ஏன் பின்வாங்கினார்கள், கடைசியாகக் குடியிருந்தவர்கள் எத்தனை வருடம் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று கேளுங்கள். ‘நல்ல’ ஏரியா வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வருடம்கூட நிலைக்காமல் கிளம்பியது இப்படிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. தரகர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்கு அங்கேயே மனதில் முள் தைத்துவிட்டது.

அடுத்தது காவல் நிலையம். இதை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. அந்த இரண்டு தெருக்களிலும் கடந்த ஒரு வருடத்தில் எத்தனை திருட்டு, வழிப்பறி என்று தெரிந்துகொள்ளப் போனோம். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக்கொண்டு போனால், அந்தப் பகுதியில் வசிப்பதற்கான முகவரிச் சான்று வேண்டும் என்றார். அங்கே குடிவரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தானே கேட்கிறோம், சான்றுக்கு எங்கே போவது? அதைச் சொன்னதற்கு “அப்படின்னா வாங்கினதுக்கு அப்புறம் வாங்க” என்று பதில். மறுபடி வரச் சொன்ன நாளில் போனால் அவர் விடுப்பில் இருந்தார், எங்கள் மனுவை யார் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் கணவர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு தாள். மொத்தச் சரகத்துக்கும் சேர்த்து ஒரு வருட எண்ணிக்கை, அவ்வளவுதான். கடைவீதி, பேருந்து நிலையம், பெரிய மருத்துவமனை எல்லாம் அதற்குள் அடக்கம். எங்கள் தெருவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

வெளியே வரும்போது ரோந்துப் பணியில் இருந்த ஒரு பெண் காவலரிடம் புலம்பினேன். அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் எங்களுக்கு வழி காட்டியது: “எத்தனை கேஸுன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. ராத்திரி ரோந்துல வண்டி எந்தெந்த இடத்துல நிக்கும்னு கேளுங்க.” அவரிடமே கேட்டேன். பேர் கெட்ட ஏரியாவில் மூன்று இடங்களைச் சொன்னார். ஒரு மதுக்கடை வாசல், ரயில்பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதை, பூட்டிக்கிடக்கும் ஒரு பழைய ஆலை. நாங்கள் பார்த்த தெரு இந்த மூன்றுக்கும் தள்ளி இருந்தது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தபோது, அவர் அனுபவத்தில் சொன்னதை ஆய்வாளர்கள் எண்ணியே காட்டியிருப்பது தெரிந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மனும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார்கள். அழைப்புகளில் பாதி, நகரின் வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்திருந்தன. சியாட்டிலில் 14 வருடக் குற்றப் பதிவுகளைப் பார்த்தபோதும் அப்படியே. 4, 5 சதவீதத் தெருத்துண்டுகளில் (ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்புவரை உள்ள தெருப்பகுதி) பாதிக் குற்றங்கள். ஆக, கெட்ட ஏரியா என்று ஊரே ஒதுக்கி வைக்கும் இடத்திலும் பெரும்பாலான தெருக்கள் சாதாரணத் தெருக்கள்தான். நல்ல ஏரியாவிலும் ஒரு தெரு மோசமாக இருக்கலாம். விசாரித்தால் தெருவை விசாரிக்க வேண்டும்.

சரி, இணையத்தில் குற்ற வரைபடம் இருக்கிறதே என்று பார்த்தால் அங்கே இன்னொரு அதிர்ச்சி. எங்களுக்குப் பிடித்த வீட்டின் தெருமுனையில் பெரிய சிவப்பு வட்டம். என் கணவர் இதோடு விட்டுவிடலாம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. வட்டத்தைத் திறந்து ஒவ்வொரு பதிவாகப் பார்த்தேன். தொலைபேசி மோசடி, ஓடும் பேருந்தில் பர்ஸ் திருட்டு, போலிக் காசோலை. ஒரே தெருமுனையில் இதெல்லாம் எப்படி நடக்கும்? சரியான முகவரி இல்லாத வழக்குகளையெல்லாம் மென்பொருள் ஒரு பொதுப் புள்ளியில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தது. வரைபடத்தை நடத்துபவர்களுக்கு எழுதிக் கேட்டேன். பல வாரம் கழித்து ஒரு வரியில் “ஆமாம்” என்று பதில் வந்தது. இது புதிய கோளாறும் இல்லை. 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் இணைய வரைபடத்தில் நகர மையத்தின் ஒரு முனை மட்டும் குற்றக் கூடாரமாகத் தெரிந்தது. இடம் கண்டுபிடிக்க முடியாத வழக்குகளைக் கணினி அங்கே போட்டிருந்தது என்பதைப் பத்திரிகையாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

வட்டத்தைப் பார்த்து ஓடாதீர்கள், உள்ளே என்ன வகைக் குற்றம், எந்த நேரம் என்று பாருங்கள். வட்டமே இல்லாத தெருவை உடனே நம்பிவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் வருடந்தோறும் வீடுகளில் எடுக்கும் கணக்கெடுப்பில், வன்முறைக் குற்றங்களில் பாதிக்கும் மேல் காவல்துறைக்கே போவதில்லை என்று அண்மை ஆண்டுகளில் தெரிகிறது. புகார் கொடுத்தால் அலைக்கழிப்பார்கள் என்ற நினைப்புள்ள இடங்களில் பதிவு குறைவாகத்தான் இருக்கும். அந்த எழுத்தரிடம் நாங்கள் பட்டதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

இதற்கெல்லாம் மேலாக எங்களுக்கு விடை சொன்னது ராத்திரியில் நேரில் போய் நடந்ததுதான். வேலை நாள், விடுமுறைக்கு முந்தின நாள், கடைசிப் பேருந்து நேரம் என்று மாற்றி மாற்றிப் போனோம். பேருந்து நிறுத்தத்தில் இறங்கி வீட்டு வாசல்வரை நடக்க வேண்டும், அதுதான் சோதனை. காரில் போய் வாசலில் இறங்கினால் ஒன்றும் தெரியாது.

‘நல்ல’ ஏரியா வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மதில். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. நடுவில் புதர் மண்டிய காலி மனை, அதற்கு எதிரே எரியாத விளக்குக் கம்பம். ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் கார்க் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. சில வாரம் கழித்துப் போனபோது வேறு இடத்தில் புதிதாக நொறுங்கியிருந்தது. எங்களோடு பேருந்தில் இறங்கிய பெண்கள் யாரும் அந்த வழியாக வரவில்லை, பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அதற்கு மேல் எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. தெருவைக் காப்பது அதில் இருப்பவர்களின் கண்கள்தான் என்று நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே எழுதிவிட்டார். அந்தத் தெருவுக்குக் கண்ணே இல்லை.

‘பேர் கெட்ட’ ஏரியாவில் நாங்கள் பார்த்த தெருவில் சத்தம் அதிகம். சுவர்களில் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் பத்தரை மணிக்கும் வாசல்படியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஜன்னல்கள் திறந்திருந்தன. புதுமுகம் என்பதால் எங்களை இரண்டு பேர் நிறுத்தி “யாரைப் பாக்கணும்?” என்று கேட்டார்கள். என் கணவருக்கு அது சங்கடமாக இருந்தது. எனக்கோ நிம்மதியாக இருந்தது.

காரை பெயர்ந்த சுவரை ஆபத்து என்று எடுத்துக்கொள்வது நமக்குள் ஊறிப்போன பழக்கம். ஏழைகள் வாழும் இடம் என்பதாலேயே ஒரு தெருவுக்குக் கெட்ட பேர் வந்துவிடுகிறது. இது அநியாயம், நான் வளர்ந்ததும் அப்படிப்பட்ட தெருவில்தான். சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் கூட்டாளிகளும் சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 1997இல் சொன்னது இதுதான்: வறுமையைக் கணக்கில் கொண்ட பிறகும், ஒருவரை ஒருவர் நம்பி, தப்பு நடந்தால் தட்டிக்கேட்கும் அக்கம்பக்கம் இருக்கும் இடங்களில் வன்முறை குறைவு. அவர்கள் மக்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றை நான் அப்படியே கடன் வாங்கிக்கொண்டேன். “ஸ்கூலுக்குப் போகாம பசங்க தெருமுனையில நின்னா யாராவது கேப்பாங்களா?” ஒரு பாட்டி சிரித்துவிட்டார். “கேக்கறதா? அவங்க அம்மாவுக்கு முன்னாடி நான் காதைத் திருகிடுவேன்” என்றார்.

அக்கம்பக்கத்தில் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “இங்கே பயமில்லையா?” என்றால் சொந்த வீட்டுக்காரர்கள் ஒரு நாளும் உண்மை சொல்ல மாட்டார்கள், அவர்கள் வீட்டு விலையும் அதில் இருக்கிறதே. வாடகைக்கு இருப்பவர்கள் மனம் திறந்து பேசுவார்கள். நான் கேட்டவை: உங்கள் பெண் லேட்டாக வந்தால் எந்த வழியாக வரச் சொல்வீர்கள்? ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? வாசலில் வைத்த பார்சல் சாயங்காலம்வரை இருக்குமா?

இப்படிப் பேசும்போதுதான் அந்தப் பாட்டி, பின்பக்கச் சந்தில் போன வாரம் ஒரு வீட்டில் திருடு போனதைச் சொன்னார். கேட்டதும் வயிற்றைக் கலக்கியது உண்மை. ஆனால் ஒரு திருட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு வீட்டில் திருடு போனால் சுற்றி 200 மீட்டருக்குள் குறைந்தது இரண்டு வாரத்துக்கு அடுத்த திருட்டுக்கான வாய்ப்பு கூடுகிறது என்று ஐந்து நாடுகளின் பதிவுகளை வைத்து 2007இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதனால் முன்பணம் கொடுப்பதைத் தள்ளிவைத்து, சில வாரம் கழித்து மறுபடி விசாரித்தோம். தொடர்ச்சி எதுவும் இல்லை. திருடன் எப்படி உள்ளே வந்தான் என்றும் கேட்டுக்கொண்டோம். பின்கதவின் பலவீனமான தாழ்ப்பாள் வழியாக. நாங்கள் பார்த்த வீட்டிலும் அதே மாதிரித் தாழ்ப்பாள்தான்.

இடையில் தரகர் கொடுத்த தொல்லை கொஞ்சமில்லை. “வேற பார்ட்டி கையில பணத்தோட நிக்கறாங்க, இன்னைக்கே சொல்லுங்க” என்று தினமும் போன். இதற்கு மசியவே கூடாது. நாங்கள் கேட்ட அவகாசம் முழுதும் எடுத்துக்கொண்டோம், வேறு பார்ட்டி யாரும் வரவில்லை. பின்கதவையும் பூட்டையும் மாற்றித் தந்தால்தான் பத்திரப் பதிவு என்று சொன்னதற்கு விற்பவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். எங்கள் பேரத்தில் விலை இறங்கியது அந்த ஒரு இடத்தில்தான்.

இன்னொரு சின்ன வழி. வாங்குவதற்கு முன்பே இரண்டு முகவரிக்கும் வீட்டுப் பொருள் காப்பீட்டுக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்டுப் பாருங்கள். காசு எதுவும் கேட்க மாட்டார்கள். எங்களுக்கு நல்ல ஏரியா வீட்டுக்குத்தான் கூடுதலாகச் சொன்னார்கள். சில நிறுவனங்கள் பகுதி முழுவதற்கும் ஒரே கட்டணம் போடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

குடிவந்த பிறகு எங்கள் தெருவில் உண்மையான ஆபத்தாக நான் பார்ப்பது திருடர்களை அல்ல, முனையில் பாய்ந்து திரும்பும் வண்டிகளை. வீடு பார்க்கும் எல்லோரும் திருட்டை விசாரிக்கிறார்கள், வேகத்தை யாரும் விசாரிப்பதில்லை. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிர் போகும் விபத்துக்கான அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி விடும் நேரத்தில் போய் அரை மணி நேரம் தெருமுனையில் நின்று பாருங்கள். வேகத்தடை கேட்டு எங்கள் தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து பாட்டியுடையது. மனு எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் மறுபடி போய்க் கேட்கப் போகிறேன்.