இஷாப்பூர் துப்பாக்கிக்கு என் கணக்கு

போன சனிக்கிழமை ஒஹையோவில் நடந்த துப்பாக்கிக் கண்காட்சியில், மூன்றாவது வரிசை மேசை ஒன்றில் பழைய பிரிட்டிஷ் இராணுவத் துப்பாக்கியான லீ-என்ஃபீல்டு ஒன்று இருந்தது. கழுத்தில் கட்டியிருந்த அட்டையில் ‘முதல் உலகப் போர், 1918, 900 டாலர்’ என்று எழுதியிருந்தது. பிரான்சின் பதுங்குகுழிகளைப் பார்த்த துப்பாக்கி அது என்று விற்பவர் ஐந்து நிமிடம் பேசினார். நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கியின் உடலில் ஓர் எண், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடியின் பின்புறம் வேறோர் எண், கட்டையின் முன்முனையை மூடும் இரும்புத் தொப்பியில் மூன்றாவதாக ஒன்று. மூன்று துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

நான் தேடிப் போனது வேறு. என் அப்பா திருநெல்வேலியில் ஆயுதப்படைக் காவலராக இருந்தவர். அவர் தோளில் சுமந்தது த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 குண்டு போடும் லீ-என்ஃபீல்டு. கொல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. காலையில் ஆயுதக்கிடங்கில் பட் நம்பர், அதாவது தோளில் அணைக்கும் பின்கட்டையில் உள்ள எண், சொல்லி வாங்கி, மாலையில் துண்டுத் துணியும் அதைக் குழலுக்குள் இழுக்கும் புல் த்ரூ கயிறுமாகக் குழலைத் துடைத்து ஒப்படைப்பார். அந்த பட் நம்பர் அவருக்கு இன்றும் மனப்பாடம். பிறந்தநாளைத்தான் அம்மாவிடம் கேட்டுக்கொள்வார்.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் லீ-என்ஃபீல்டுகளை அடுக்கினால் இஷாப்பூர் பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் நிற்கும். இங்கிலாந்தின் என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ., ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆகிய ஆலைகளில் செய்தவை எல்லாம் அதற்கு முன்னே. இது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். பார்வைக்கு இஷாப்பூர் துப்பாக்கிகள் கரடுமுரடாக இருக்கும், கறுப்பு வண்ணம் தடவியிருக்கும். ஆனால் இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைகள் வட ஆப்பிரிக்காவிலும் பர்மாவிலும் கையில் பிடித்தவற்றில் இவையும் உண்டு. அந்த வரலாறு விலையில் இன்னும் ஏறவில்லை. வாங்க நினைப்பவருக்கு அது நல்ல செய்தி.

அடையாளம் காண, பட் கட்டை உடலோடு சேரும் இடத்தின் வலதுபுறத்தைப் பாருங்கள். கிரீடமும் மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும் இஷாப்பூர் என்ற பெயரும் இருந்தால் பிரிட்டிஷ் ஆட்சிக்காலம். அசோகச் சிங்கமும் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையைக் குறிக்கும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளும் இருந்தால் குடியரசான பிறகு செய்தது. முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகு ஓடியிருக்கும். கட்டை பிளக்காமலிருக்க இந்தியாவில் போட்டது அது. பிறகு யாரோ செய்த ஒட்டுவேலை என்று நினைத்துச் சிலர் அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். அது தவறு.

1962 சீனப் போருக்குப் பின் அதே தொழிற்சாலை 7.62 மில்லிமீட்டர் குண்டுக்காகச் செய்த 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகளும் இங்கே நிறையக் கிடைக்கின்றன. தோட்டா அடைக்கும் மேகசின் பெட்டி சதுரமாக இருப்பதால் எட்ட நின்றே தெரியும். அவற்றில் சிலவற்றைக் குட்டையாக வெட்டி ‘ஜங்கிள் கார்பைன்’ (காட்டுப் போருக்கான குட்டைத் துப்பாக்கி) என்று விற்கிறார்கள். இந்திய இராணுவம் இவற்றை அப்படி வெட்டவில்லை. இங்கே இறக்குமதியான பிறகு வெட்டியவை. அதற்குச் சேகரிப்பு மதிப்பு கொடுக்காதீர்கள்.

விலைக்கு வருகிறேன். அட்டையில் எழுதியிருப்பது விற்பவரின் ஆசை. நான் இணைய ஏலங்களில் முடிந்துபோன விற்பனைகளை மட்டும் பார்க்கிறேன், அதுவும் கடைசி மூன்று மாதத்தவை. அதே ஆலை, அதே மாதிரி, ஏறக்குறைய அதே நிலை என்று ஐந்தாறு எடுத்து நடுவிலுள்ள தொகையைக் குறித்துக்கொள்வேன். அங்கிருந்துதான் கழித்தல். போல்ட் எண் பொருந்தாவிட்டால் கால் பங்கு குறைப்பேன், ஏனென்றால் ஒவ்வொரு போல்ட்டும் தன் உடலோடு இழைத்துப் பொருத்தப்பட்டது. குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது உட்சுவரில் சுருளாக ஓடும் ஐந்து புரிகளும் கூர்மையாகத் தெரியவில்லையென்றால் இன்னும் குறைப்பேன். பழைய தோட்டாக்களின் உப்பு குழலைத் தின்றிருக்கும்.

இறக்குமதி முத்திரையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இராணுவ உபரித் துப்பாக்கிகள் நாட்டுக்குள் வருவதை நிறுத்தியது. 1980களின் நடுவில்தான் பழைய சேகரிப்புப் பொருள்களுக்குக் கதவு திறந்தது. அதன்பின் வந்தவற்றில் இறக்குமதியாளர் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். முத்திரை இல்லாதது பெரும்பாலும் 1968-க்கு முன் வந்தது. அதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், நானும் கொடுப்பேன்.

மலிவு என்று ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வேட்டைக்காக முன்கட்டையை அறுத்த துப்பாக்கி 200 டாலருக்கு நிற்கும். கட்டை, குழலின் மேல் மூடும் மரக் கைக்காப்பு, வளையங்கள், முன்தொப்பி எல்லாம் தனித்தனியாகத் தேடி வாங்கி முடிப்பதற்குள் முழுத் துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும். ஒருமுறை நான் அப்படிச் செய்து எட்டு மாதம் அலைந்தேன்.

அன்று நான் வாங்கியது கடைசி வரிசையில் இருந்தது. ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1943. விலை 450 டாலர். கண்காட்சியில் போல்ட்டைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவைப்பார்கள். கேட்டதும் அந்தப் பெரியவர் தயங்காமல் பட்டையை வெட்டிக்கொடுத்தார். அதுவே எனக்குப் பாதி நம்பிக்கை. போல்ட், உடல், குழல், முன்தொப்பி நான்கிலும் ஒரே எண். குழல் மங்கல், ஆனால் புரிகள் உறுதி. கைக்காப்பில் ஒரு விரிசல். என் கணக்கு 400 வந்தது. 375-இல் தொடங்கி 390-க்கு முடித்தோம். ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கிகளுக்கான சேகரிப்பாளர் உரிமம் என்னிடம் இருக்கிறது. மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணம். இரவே பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

அப்பாவுக்குக் காணொளி அழைப்பில் காட்டினேன். “பட் தகட்டில் சின்னக் கதவு இருக்கும், திறந்து பார்” என்றார். பித்தளைக் கதவைத் திறந்தேன். எண்ணெய்ப் புட்டி இல்லை, கயிறு மட்டும் சுருண்டு கிடந்தது. “கயிறு இருக்கிறதல்லவா, போதும். எண்ணெய் போடாமல் மூடிவிடாதே” என்றார். பிறகு, இதில் சிங்கம் இல்லையே என்று கேட்டார்.

அவர் சுமந்ததில் சிங்கம் இருந்திருக்கிறது. ஆர்.எஃப்.ஐ. பொறித்த த்ரீ நாட் த்ரீயை இங்கே மூன்று ஆண்டுகளில் இரண்டு முறைதான் பார்த்தேன். ஒன்று கட்டை அறுத்தது, மற்றது நான் மேசைக்குப் போவதற்குள் விற்றுப்போனது. முழுதாக, எண்கள் பொருந்தி ஒன்று கிடைத்தால் கொடுக்க 550 டாலர் எடுத்துவைத்திருக்கிறேன். இதற்கு மட்டும் நான் பேரம் பேசப்போவதில்லை.