கிட்டே போகாத வேலை

சிவப்பு வயரா, நீல வயரா? ராணுவத்தில் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவில் இருந்தேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். குண்டு செய்பவன் நிறம் பார்த்தா வயர் போடுகிறான்? கையில் கிடைத்ததைப் போடுகிறான். நாங்களே உட்கார்ந்து வயரை வெட்டுகிறோம் என்றால் மற்ற வழிகளெல்லாம் அடைபட்டுவிட்டன என்று பொருள்.

முடிந்தவரை கிட்டே போகாமல் இருப்பதுதான் எங்கள் தொழில். வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் பார்ப்பது சந்தேகப் பொருளை அல்ல, எங்கள் காலடியை. சுற்றிலும் ஐந்து மீட்டர், பிறகு இன்னும் அகலமாக. நாங்கள் எங்கே வண்டியை நிறுத்துவோம் என்று வைத்தவனும் கணக்குப் போட்டிருப்பான். முதல் குண்டு கூட்டத்துக்கு என்றால், இரண்டாவது எங்களுக்கு.

அடுத்தது கேள்விகள். எப்போது பார்த்தீர்கள், தொட்டீர்களா, நகர்த்தினீர்களா? ஒருமுறை ஒரு காவலாளி பையைத் தொடவே இல்லை என்று மூன்று தடவை சொன்னார். நான்காம் தடவை, "வழியில இருந்துச்சு சார், கொஞ்சம் ஓரமா தள்ளி வச்சேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. நகர்த்தியும் வெடிக்கவில்லையே, அதுவே ஒரு தகவல்தானே.

பிறகு காத்திருக்க வேண்டும். 1940-41இல் லண்டன் மீது ஜெர்மனி போட்ட குண்டுகள் சிலவற்றில் கடிகார ஃபியூஸ் (குண்டை வெடிக்க வைக்கும் பொறி) இருந்தது. விழுந்து மூன்று நாள் வரைகூட ஓடும். டிக் டிக் சத்தத்தை ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார்கள். ஃபியூஸைக் கழற்ற வருபவனைக் கொல்வதற்கென்றே அதன் அடியில் இன்னொரு பொறியையும் வைத்தார்கள். நேச நாடுகளின் குண்டுகளில் அசிட்டோன் மெல்ல மெல்லத் தகட்டைக் கரைக்கும் ஃபியூஸ்கள் உண்டு. போர் முடிந்து 65 ஆண்டுகள் கழித்து, 2010இல், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கிடந்த ஒரு பழைய குண்டு, செயலிழக்கச் செய்யும் வேலை தொடங்கும் முன்பே வெடித்து மூன்று பேரைக் கொன்றது. கடிகாரம் நின்றுபோகலாம், அதை நம்பிப் போய்விட முடியாது.

1972இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பீட்டர் மில்லர் மின்சாரக் கைவண்டி ஒன்றின் அடிச்சட்டத்தை எடுத்து, வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் முதல் ரோபோவுக்கு வழி செய்தார். வட அயர்லாந்தில் ஆட்களை இழந்து இழந்து பிறந்த யோசனை அது. இன்றைய ரோபோ கேமராவால் பார்க்கும், எக்ஸ்ரே தகட்டை வைக்கும், தண்ணீரைத் தோட்டாபோல் பாய்ச்சி சர்க்யூட் விழித்துக்கொள்ளும் முன்பே சிதறடிக்கும். ஆனாலும் கடைசியில் ஒரு ஆள் நடந்து போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த நடைக்குப் போடும் உடை 35 கிலோவுக்கு மேல். கழுத்து, நெஞ்சு, தொடை எல்லாம் மூடியிருக்கும். கை மட்டும் வெறுங்கை. விரல் நுனிக்கு உணர்வு வேண்டும். ஹெல்மெட்டுக்குள் சொந்த மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் சரியாகக் கேட்காது.

அப்படி ஒரு நாள், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பையை நோக்கி நடந்தேன். சாலையை எப்போது திறப்பீர்கள் என்று ஒரு அதிகாரி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார். (அவசரப்படுத்துபவர் எப்போதும் தடுப்புக்கு வெளியேதான் நிற்பார்.) எக்ஸ்ரேயில் பேட்டரி போல ஏதோ தெரிந்ததால் ரோபோ ஏற்கெனவே தண்ணீர் பாய்ச்சியிருந்தது. கிட்டே போய் வெறுங்கையால் விலக்கிப் பார்த்தேன். நனைந்த சட்டைகள், கிழிந்த பேன்ட், உடைந்த ஷேவர்.

மாலையில் பையின் சொந்தக்காரர் வந்தார். மறந்து வைத்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"துணிக்கு யார் சார் காசு தருவாங்க?"

கேள்வி நியாயமானதுதான். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு, உடையைக் கழற்றப் போனேன்.