பக்கவாதத்துக்குப் பின் இறுகிய கைக்கு ஸ்ப்ளின்ட்

மடங்கி இறுகிய விரல்களை நேராகப் பிடித்து இழுக்காதீர்கள். வெடுக்கென்று இழுத்தால் விறைப்பு கூடும். முதலில் மணிக்கட்டை உள்பக்கம் மெல்ல மடக்குங்கள். விரல் நாண்கள் தளரும். கட்டை விரலை அடியிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள், நுனியைப் பிடித்தல்ல. பிறகு மற்ற விரல்கள். விரல்களை விரித்தபடியே மணிக்கட்டை நிதானமாக நிமிர்த்தி, ஸ்ப்ளின்டில் (கையைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கியில்) படுக்க வையுங்கள்.

முதலில் மணிக்கட்டுப் பட்டை. அது தளர்ந்தால் கை முன்னால் நழுவும், மணிக்கட்டு மேலெழும், விரல்கள் ஸ்ப்ளின்டின் நுனியைச் சுற்றிக் கொக்கிபோல் மடங்கும். பல புகார்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

முதல் நாள் அரை மணி நேரம் போதும். கழற்றியதும் சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு எலும்பைப் பாருங்கள். 20 நிமிடத்தில் சிவப்பு மறையாவிட்டால் மறுபடி போடாமல் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். அழுத்தும் இடத்தில் பஞ்சு திணிப்பது வழக்கமான தவறு. இடம் குறைந்து அழுத்தம் கூடும். ஸ்ப்ளின்டைக் கழற்றி, அதன் அந்தப் பகுதியைத் தெரபிஸ்ட் சூடாக்கி வெளியே தள்ளித்தான் சரிசெய்ய வேண்டும்.

வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் ஸ்ப்ளின்டின் தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) வளைந்துவிடும்; வெந்நீரும் ஆகாது.

ஸ்ப்ளின்ட் மட்டுமே விறைப்பைப் போக்கும் என்று எண்ண வேண்டாம். அதற்கான ஆதாரம் பலவீனமானது. திடீரென இறுக்கம் கூடினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, புண் இருக்கிறதா என்று பாருங்கள்.