பழவேற்காட்டில் நூறு எண்ணினோம்

13 ஜூலை 2023, வியாழன்

பொன்னேரியில் பஸ் மாறிப் பழவேற்காடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. பல மாவட்டங்களிலிருந்து அறிவியல் ஆசிரியர்கள் நாற்பது பேர். நாளை சந்திரயான்-3 கிளம்புவதை ஒட்டித்தான் இந்தக் கூடுகை. ஏரியின் வடக்குப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா.

மதியம் பேச்சு 2019க்குப் போனது. அந்த செப்டம்பரில் சந்திரயான்-2ன் தரையிறங்கும் கலமான விக்ரம் நிலவில் மோதியபோது என் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஏன் டீச்சர் விழுந்துச்சு?" என்று கேட்டான். "அடுத்த தடவை ஜெயிப்போம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. நான்கு வருஷமாக உறுத்துகிறது.

இன்று பதில் கிடைத்தது. வேகத்தைக் குறைக்க வேண்டிய ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தள்ளின. பிழை சேர்ந்துகொண்டே போனது. திருத்திக்கொள்ள வேகமாகத் திரும்ப வேண்டும். அவ்வளவு வேகமாகத் திரும்ப அதற்கு அனுமதி கொடுத்திருக்கவில்லை. இறங்கவேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். இந்த முறை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர். கால்களுக்குப் பலம் கூட்டியிருக்கிறார்கள், எரிபொருளும் கூடுதல். எதெல்லாம் தவறலாம் என்று முதலில் யோசித்து, அதற்குப் பிறகே வடிவமைத்திருக்கிறார்கள்.

14 ஜூலை, வெள்ளி

காலையில் நாமக்கல்லிலிருந்து வந்த ஆசிரியர் கைக்குட்டையை அவிழ்த்து ஒரு கல்லை மேசைமேல் வைத்தார். சித்தம்பூண்டிக் கல். கல்லுப்பை இறுக்கிப் பிடித்து வைத்த மாதிரி வெள்ளை, நடுநடுவே கருப்புப் பொட்டுகள். அனார்த்தசைட் என்கிற பாறை. நிலவின் மேட்டு நிலமும் பெரும்பாலும் இந்த வகைதான். இந்த வட்டாரத்துப் பாறையைப் பொடித்துத்தான் பெங்களூருவில் நிலவு மண் மாதிரி தயார் செய்து, லேண்டரையும் ரோவரையும் சோதித்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையின் பங்கும் அதில் உண்டு. கல் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தபோது சூடாகியிருந்தது. கேட்டேன், ஒரு சில்லு கொடுத்தார்.

திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்கள் ஊர் என்று விழுப்புரத்துக்காரர்கள் காலையிலிருந்தே பூரிப்பாக இருந்தார்கள். இருக்கத்தானே வேண்டும்.

மதியம் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் படகெல்லாம் கரையில் கிடந்தன. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "சத்தம் லேட்டாத்தான் வரும், பாருங்க" என்றார்.

2:35. அடிவானத்தில் ஒரு மஞ்சள் நெருப்பு, அதன் பின்னால் வெள்ளைக் கோடு. அதைப் பார்த்த நொடியிலிருந்து சத்தமாக எண்ண ஆரம்பித்தோம். முப்பது, நாற்பது... நெருப்பு மேகத்துக்குள் போய் மறுபடி வெளியே வந்தது. நூறு வரும் சமயத்தில்தான் வந்தது அந்த உறுமல். காதைவிட நெஞ்சில்தான் முதலில் உணர்ந்தேன். ஒலி நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்தால் 35 கிலோமீட்டர். வரைபடமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. தரையை விட்டுக் கிளம்பிய சத்தம் எங்களிடம் வந்து சேர்ந்தபோது, ராக்கெட் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் உயரத்தில் இருந்திருக்கும். இருபது வருஷமாக ஒலியின் வேகம் நடத்துகிறேன். அதை எண்ணிப் பார்த்தது இன்றுதான்.

15 ஜூலை, சனி

காலை அமர்வு முடிந்ததும் கிளம்பிவிட்டேன். பஸ் முழுக்கப் பாடத்திட்டம் எழுதினேன்.

17 ஜூலை, திங்கள்

அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. கூப்பிட்டு, "2019ல கேட்டியே, இந்தா பதில்" என்று சொன்னேன். அவனுக்குக் கேட்டதே நினைவில்லை. ஆனாலும் முழுக்கக் கேட்டான். "அப்ப திரும்புற வேகத்துக்கு எதுக்கு டீச்சர் அளவு வெச்சாங்க?" என்றான். அவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டி வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்றேன். இடைவேளை முடிந்து மணி அடிக்கும்வரை நின்று பேசினோம்.

ஆறாம் வகுப்பில் கல்லைக் கொடுத்தேன். நூறு வரை எண்ணிய கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள்.

23 ஆகஸ்ட், புதன்

பெற்றோரிடம் சொல்லிவிட்டு, விருப்பமுள்ள பிள்ளைகளை ஹைடெக் லேபில் உட்கார வைத்தேன். 5:44க்கு இறக்கம் தொடங்கியது. திரையில் உயரம் குறையக் குறைய யாரும் பேசவில்லை. முன்வரிசைச் சிறுமி நாமக்கல் கல்லை இரண்டு கைக்குள்ளும் மூடி வைத்திருந்தாள்.

6:04. இறங்கிவிட்டது! கைதட்டலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தம் அடங்கியபோது ஒரு பையன் மட்டும் தனியாக எண்ணிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு, இருபத்தொன்பது...

"என்னடா எண்ணுற?"

"இறங்கின சத்தம் வர எவ்வளவு நேரமாகும் டீச்சர்?"

நாளை முதல் பீரியடில் வேறு பாடம் எடுக்கப்போவதில்லை. காற்றில்லாத இடத்தில் சத்தம் வராது என்று காட்ட, மணி ஜாடியும் காற்றை உறிஞ்சும் பம்பும் எந்த பீரோவில் இருக்கின்றன என்று இப்போதே தேடி வைக்க வேண்டும்.